உடைப்பதற்கு ஒரு கிட்டார்

உடைப்பதற்கென்று ஒரு கிட்டார் செய்து தரும்படி எறும்புக்காரரிடம் வந்து கேட்டது வேறு யாரோ இல்லை, அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். கேட்ட இடமும் வேறெங்கோ இல்லை, பதினோரு வருஷமாக அந்த ஆள் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்த அதே பட்டறை.

எறும்புக்காரர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்பவர். அவர் செய்யும் ஒவ்வொரு கிட்டாரின் தலையிலும் விரல் நகம் அளவுக்கு ஓர் எறும்பைச் சூட்டுக்கோலால் பொறித்திருப்பார். அதைப் பார்த்து வந்த பெயர்தான் அவருக்கு நிலைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளை கதையும் அதேதான். மேடையில் தனியாக வாசிக்கும் கட்டம் வந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான் என்பதால் ரசிகர்கள் அவனைக் கொக்கு என்றார்கள். போஸ்டரிலும் கொக்குதான், வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையிலும் கொக்குதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொக்கையும் யாருக்கும் தெரியாது, எறும்பையும் யாருக்கும் தெரியாது. கொக்கு எறும்பை மாட்டிக்கொண்டு மேடை ஏறினான், இரண்டும் சேர்ந்து மேலே வந்தன. யாரால் யார் மேலே வந்தார்கள் என்று இரண்டு பக்கத்து நண்பர்களும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக்கொண்டது கிடையாது. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்ன காகிதம் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கொக்கு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தான். தங்கை ஜன்னல் ஓரமாக, பாலிஷ் டப்பாக்களுக்குப் பக்கத்தில்.

"விஷயம் உங்க காதுக்கு வந்திருக்கும் மச்சான்."

"வந்துச்சு மாப்ள. உங்களைத் தவிர எல்லாரும் சொல்லிட்டாங்க."

கொக்கு ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டான். கிட்டார் வியாபாரத்தில் முக்கால்வாசியை வைத்திருக்கும் பெரிய கம்பெனி அவனைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டுவிட்டது. இனிமேல் அவர்கள் கிட்டாரைத்தான் வாசிப்பான், அவன் பெயரில் அவர்கள் ஒரு மாடல் போடுவார்கள். இதுவரைக்கும் எறும்புக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். பெரிய இடம் கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்? வருத்தத்தோடு வந்து சொல்லியிருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பார். ஆனால் கொக்கு வந்தது அதைச் சொல்ல அல்ல.

"அறிமுக விழா ஒண்ணு வச்சிருக்காங்க மச்சான். பழைய கிட்டார்ல ஒரு பாட்டு வாசிக்கணும். பாட்டு முடிஞ்சதும் அதைத் தரையில அடிச்சு உடைக்கணும். அப்புறம் அவங்க புதுசைக் கையில குடுப்பாங்க. அவங்க யோசனைதான், நான் சொல்லல."

"உடைங்க. உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே."

"ஐயோ, அதையா? அது என் உயிர் மச்சான். வீட்டுல ஆசைக்கு வாசிக்க எனக்கு ஒண்ணு வேணாமா?" அவன் நிஜமாகவே பதறினான். "அதான் கேக்கறேன். பார்க்க அச்சு அசலா அதே சிவப்பு, அதே வடிவம். ஆனா ஒரே அடியில ரெண்டா போகணும். ரெண்டாவது தடவை அடிச்சா பார்க்க நல்லா இருக்காதாம்."

"எறும்பு?"

"எறும்பு நல்லாத் தெரியணும். கேமரா கிட்ட வரும்."

எறும்புக்காரர் கையிலிருந்த அரத்தை மேசைமேல் வைத்தார். ஒரே அடியில் இரண்டாகும் எறும்பைப் பெரிய திரையில் அத்தனை பேரும் பார்த்தால், மறுநாள் எந்தக் கடைக்காரன் எறும்பைக் கையால் தொடுவான்? அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருபத்து மூன்று வருஷ உழைப்புக்கு அவரிடம் இருப்பது நகம் அளவு எறும்பு ஒன்றுதான். அதன் தலையில் கல்லைப் போடப் போகிறான் சரி. அந்தக் கல்லையும் நீயே இழைத்துக் கொடு என்று கேட்கிறானே, இவனுக்கு என்ன நெஞ்சு இருக்கும்?

"முடியாதுன்னா?"

கொக்கு தங்கையைப் பார்த்தான். தங்கை டப்பா மூடியில் காய்ந்திருந்த பாலிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"செஞ்சு குடுத்துடு அண்ணா," என்றாள், தலையைத் தூக்காமல். "நீ செய்யலைன்னா வேற எவனாவது செய்வான். அவன் போடற எறும்பு எலி மாதிரி இருக்கும். உடைஞ்சதும் உள்ளே அட்டையும் பஞ்சும் தெரியும். அதுக்கு இது பரவாயில்ல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்றார்.

வேலை என்று பார்த்தால் அது சாதாரண வேலை இல்லை. நாலு நிமிஷப் பாட்டு முடியும்வரை சுருதி நிற்க வேண்டும். ஐந்தாவது நிமிஷம் ஒரே அடியில் உடைய வேண்டும். ஆறு கம்பிகள் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஒரு ஆள் தொங்குகிற கனம் இருக்கும். அதைத் தாங்கத்தான் கிட்டாரின் கழுத்துக்குள் எஃகு ராடு ஓடுகிறது. ராடு இருந்தால் கழுத்து உடையாது. ராடு இல்லாவிட்டால் வில்லாக வளைந்து பாதிப் பாட்டிலேயே சுருதி ஓடிவிடும். போதாக்குறைக்கு எறும்பு கிட்டாரில் கழுத்தைத் தனியாகச் செய்து திருகுவது கிடையாது. தலையிலிருந்து அடிவரை ஒரே கட்டை, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மரம் ஒட்டியது. அப்படிப்பட்டதைப் பலவீனமாகச் செய்வது, குடிக்காதவன் தள்ளாடி நடப்பது மாதிரி ஒரு நடிப்பு.

முதலில் செய்தது கம்பி மாட்டும்போதே மடங்கிப் போனது. இரண்டாவதில் மரத்தின் ரேகையைக் குறுக்கே போட்டு, ராடைப் பாதிக் கழுத்தோடு நிறுத்தி, அது முடிகிற இடத்தில் வாளால் ஒரு கீறல் இறக்கி, மரத்தூளும் மெழுகும் அடைத்துப் பூசினார். சுருதி நின்றது. பட்டறையில் இருந்த நாலு ஆட்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் தரையில் ஓர் அடி அடித்தார். மளுக்கென்று இரண்டாகப் போனது. நாலு பேரும் தங்களையறியாமல் கை தட்டிவிட்டு, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவருக்கும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து அன்று முழுவதும் தன்மீதே கோபமாக இருந்தார்.

அதே மாதிரி இன்னொன்று செய்து, சிவப்புப் பூசி, பளபளவென்று தேய்த்து முடித்தார். எறும்பு மட்டும் பாக்கி.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எறும்பு ஏறுவதற்கு முன்னால் எறும்புக்காரர் ஏறுவார். புதுக் கிட்டாரை இரண்டு முக்காலிகளுக்கு நடுவில் பாலம் மாதிரி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் இரண்டு காலையும் வைத்து நின்று பத்து எண்ணுவார். இறங்கின பிறகு கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நேராக இருந்தால்தான் சூட்டுக்கோல் அடுப்புக்குப் போகும். இதுவரை ஒரு கிட்டார்கூட ஏறாமல் எறும்பு வாங்கியதில்லை.

அன்று சூட்டுக்கோல் பழுத்துவிட்டது. சிவப்புக் கிட்டார் மேசைமேல் கிடந்தது. ஏறினால் அதோடு முடிந்தது, இரண்டு வார வேலை குப்பை. ஏறாமல் வைக்கவும் கை வரவில்லை. இரண்டு தடவை கோலைக் கிட்டே கொண்டுபோனார், இரண்டு தடவையும் பின்வாங்கினார். நாலு ஆட்களும் தலையைக் குனிந்து வேலை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கோலை அடுப்பில் திரும்பச் சொருகிவிட்டு, சுவரில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு சிவப்பை எடுத்தார். ஒரு கடைக்காக முந்தின மாதம் செய்தது. ராடு முழுசாக ஓடுவது, ரேகை நெட்டுக்கு ஓடுவது, நியாயமான கிட்டார். முக்காலிகளை இழுத்துப் போட்டார், ஏறினார், பத்து எண்ணினார், இறங்கினார், பார்த்தார். நேராக இருந்தது. எறும்பை வைத்தார்.

அவர் மனசில் என்ன ஓடியது என்று பூசி மெழுக வேண்டியதில்லை. மூக்கறுபடட்டும், அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படட்டும் என்றுதான் நினைத்தார். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். உடையாத மரம் அடியைத் தானே வைத்துக்கொள்ளாது, பிடித்த கைக்கே திருப்பிக் கொடுக்கும். உளி பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் அது. அந்த நினைப்பு வந்தது. வந்ததைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி பெட்டியை மூடினார்.

பெட்டியை வாங்க வந்தது தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் இதே பட்டறையில் பாலிஷ் போட்டவள். திறந்து பார்த்தாள், கிட்டாரைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினாள், ஒரு மூச்சு நேரம் அப்படியே கையில் வைத்திருந்தாள். அவர் அரத்தைத் தேடுகிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா வந்திருக்கு அண்ணா," என்றாள். பெட்டியைப் பூட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

விழாவுக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இடம். கம்பெனியின் விளம்பரப் பிரிவுப் பெண்மணி தானே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பெருந்தன்மை யாருக்கும் வராது சார்," என்றாள். அவர் சிரித்து வைத்தார். நாக்கில் வந்ததை அடக்க வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டார்.

கொக்கு அன்று நன்றாக வாசித்தான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நடுவில் ஒரு காலைத் தூக்கினான், கூட்டம் எழுந்து நின்றது. பாட்டு முடிந்தது. தோள் பட்டையைக் கழற்றினான். பெரிய திரையில் எறும்பு தட்டு அளவுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து, தலைக்குமேல் ஓங்கி, அடித்தான்.

கிட்டார் உடையவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இன்னும் இணைப்பு இருந்ததால் அரங்கம் அதிர ஒரு சத்தம் வந்தது. அதுவும் சுருதியோடு வந்தது. கூட்டம் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கத்தியது. கொக்கும் சிரித்தான். இரண்டாவது அடி. மூன்றாவது. சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. யாரோ பின் வரிசையிலிருந்து "நாலு!" என்று எண்ண ஆரம்பித்தார்கள். அரங்கமே சேர்ந்துகொண்டது. "அஞ்சு!" அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கீழே வைத்துவிட்டு ஒரு ஜோக் அடித்திருந்தால் கூட்டம் அவனைத் தோளில் தூக்கியிருக்கும். ஆனால் அவன் உடைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். உடம்பில் இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து மேடையின் இரும்பு விளிம்பில் இறக்கினான்.

"ஆறு!" என்று கூட்டம் கத்தியபோது அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கிட்டார் கீழே விழுந்து தானாக முழங்கிக்கொண்டிருந்தது. கொக்கு இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டான். கை பிடித்த இடத்தில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. புதுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விளம்பரப் பெண்மணி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரைக்கு முன்னால் நின்றாள்.

எறும்புக்காரர் சந்தோஷப்பட்டார். பிற்பாடு தனக்குத்தானே எத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டாலும், அந்த ஆறு அடிக்கும் அவருக்கு உள்ளே குளிர்ந்தது. ஆறாவது அடிக்கும்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை நாற்காலிகள். தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மூணு இடத்துல உடைஞ்சிருக்காம். நரம்பும் நசுங்கியிருக்காம். சாப்பிட, சட்டை போட சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். வாசிக்கிறது கஷ்டமாம்."

"ஏதாவது வழி இருக்கும் பாப்பா."

"தூக்கினப்பவே தெரிஞ்சுது அண்ணா."

அவர் சட்டைப் பையில் கிடந்த மிட்டாய்க் காகிதத்தை எடுத்து மடித்தார்.

"நீ உள்ளே ராடைக் குறைச்சிருந்தா கனத்துலயே என் கை சொல்லாதா? தெரிஞ்சுதான் எடுத்துட்டுப் போனேன்." அவள் குரல் உயரவே இல்லை. "கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டு நாலு நாள் கழிச்சு என்கிட்ட சொன்னார் அண்ணா. உங்க அண்ணன்கிட்ட நீயும் வந்து பேசுன்னார். பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா காரியம் நடக்கும்னு கணக்கு. அப்படியே கொதிச்சுது எனக்கு. கொஞ்சம் அசிங்கப்படட்டும்னு நானும் நினைச்சேன். கை போகும்னு நினைக்கல. நீ நினைச்சியா?"

"இல்ல."

"மரம் தெரிஞ்சவன் நீ."

"இல்லன்னு சொல்றேன்ல!"

நர்ஸ் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாள். தங்கை எழுந்து உள்ளே போனாள்.

அந்த ஆறு அடிகளின் வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. எலும்பு உடையும், எறும்பு உடையாது என்று எவனோ ஒரு வரி எழுதிப் போட்டான், அது தீயாகப் பரவியது. கடைகள் வரிசையில் நின்றன. நாலு ஆட்கள் இருந்த பட்டறையில் பதினான்கு பேர் ஆனார்கள், எறும்புக்காரர் ஒவ்வொன்றாக ஏறி நிற்க முடியாமல் அதற்கென்று குண்டாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தார். பெரிய கம்பெனி கொக்குக்கு ஒரு பூங்கொத்தும், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதமும் ஒன்றாகவே அனுப்பியது. அடுத்த மாதமே அவன் குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தவனைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. அவனுடைய அறிமுக விழாவில் எதையும் உடைக்கவில்லை, கேக் மட்டும் வெட்டினார்கள்.

ஐந்து மாதம் கழித்துக் கொக்கு பட்டறைக்கு வந்தான், தங்கையோடு. கட்டு பிரித்தாகிவிட்டது. இடது கை மடிமேல் கிடந்தது. கட்டை விரலும் அடுத்த இரண்டும் பாதி மூடியபடி அப்படியே நின்றுவிட்டன.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க உடையற மாதிரிதானே செஞ்சீங்க?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"அப்படித்தான் செஞ்சேன் மாப்ள," என்றார் எறும்புக்காரர். "பழகின கை பாருங்க. நான் பலவீனமா செய்யணும்னு நினைச்சாலும் அது கேக்கல."

"நானும் அதையேதான் இவகிட்ட சொன்னேன்," என்றான் கொக்கு. நம்பினான், பாவி. நம்பியது மட்டுமில்லை, அதில் அவனுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. "உங்க கை அப்படி மச்சான். தப்பு என் மேலதான். உங்களை விட்டுட்டுப் போனதுக்குக் கிடைச்சுது. இப்ப... திரும்ப எறும்புக்கே வந்துடலாமான்னு பார்க்கறேன். ஏதாவது ஒரு வேலை. என் பேருக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கு."

அந்த இடத்தில் எறும்புக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு மேசை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கலாம். அவர் இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வருவான் என்று அவருக்குத் தெரியும்.

"வேலை இருக்கு மாப்ள. கடை கடையா போகணும். கூட்டம் கூடினதும், வலது கையால கிட்டாரைப் பிடிச்சு மூணு தடவை தரையில அடிக்கணும். அடிச்சுட்டு, நான்தான் அந்த ஆள், என்னாலயே முடியலன்னு சொல்லணும். இடது கை நல்லாத் தெரியற மாதிரி அரைக்கைச் சட்டை போட்டுக்குங்க."

தங்கை, "அண்ணா," என்றாள்.

கொக்கு காகிதத்தை வாங்கி, ஒழுங்கான மனிதன் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஏழாவது ஷரத்துக்கு வந்ததும் வாய்விட்டுப் படித்தான்: "ஒப்பந்தக் காலத்தில் வேறு எந்த நிறுவனத்தின் கிட்டாரையும் மேடையிலோ ஒலிப்பதிவிலோ வாசிக்கக் கூடாது." இன்னொரு தடவை படித்தான். மடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

"மச்சான், இந்த ஒண்ணை மட்டும் நான் எந்தக் காலத்துலயும் மீற மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னான். யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எறும்புக்காரர் சிரித்தார். கொக்கு வலது கையால் கையெழுத்துப் போட்டான்.

எறும்புக்காரர் காகிதத்தைத் தங்கை பக்கம் தள்ளி, கீழே ஒரு கோட்டைக் காட்டினார்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும் பாப்பா. நீயே போட்டுடு."

அவள் பேனாவை எடுத்தாள்.

"எதுக்கு சாட்சி அண்ணா?"

"மாப்பிள்ளை தன் விருப்பத்துல கையெழுத்துப் போட்டாருன்னு."

அவள் புருஷனுடைய முகத்தைப் பார்த்தாள், அண்ணனுடைய முகத்தைப் பார்த்தாள். கொக்கு, எழுத வசதியாகக் காகிதத்தின் ஓரத்தை விளங்காத கையின் முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் போட்டாள்.